சனிக்கிழமை பிரியாணி

தருமபுரம், காரைக்கால்
7.7.2025

அஞ்சுகத்துக்கு,

"அப்பா, அம்மா இனிமே உங்ககிட்ட போன்ல பேசாதாம். போனுதானே அவருக்குப் புடிக்கல, பேசணும்னா கடுதாசி போடச் சொல்லுன்னுட்டு அந்தாண்ட திரும்பிக்கிச்சு" என்று வெண்மதி நேற்று ஓசூரிலிருந்து போனில் சொன்னாள். பிள்ளை பெற்ற களைப்பிலும் அவளுக்குச் சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் இத்தனை வருடமாக ஊருக்கெல்லாம் கடிதம் எழுதியிருக்கிறேன். உனக்கு நான் கடைசியாக எழுதியது நம் கல்யாணத்துக்கு முன்னால். அப்போதும் நாம் சண்டையில்தான் இருந்தோம்.

டாக்டரம்மா முன்னால் உன் கையிலிருந்த போனைப் பிடுங்கி என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டது தப்பு. அத்தனை பேர் உட்கார்ந்திருக்கும்போது "நீ வெளியில போயி உக்காரு" என்று சொன்னதும் தப்பு. நீ எழுந்து போனபோது உன் செருப்பு நாற்காலிக் காலில் மாட்டிக்கொண்டது. அதை நான் குனிந்து எடுத்துக் கொடுத்திருக்க வேண்டும். உட்கார்ந்தபடியே இருந்துவிட்டேன்.

ஆனால் நீ டாக்டரைக் கேட்டது என்ன? "இந்த மாத்திரையாலதான் இவருக்கு மயக்கம் வருதுன்னு இதுல போட்டிருக்கு, நீங்க ஏன் கூட்டுனீங்க?" என்று போனை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாய். டாக்டர் பிரதீபா மருத்துவம் படித்தவர். உன் போனில் பேசுகிறவன் என்ன படித்தான் என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அறிவியலை நம்புங்கள் என்று மேடை மேடையாகப் பேசியவன் நான். என் வீட்டிலிருந்தே ஒருத்தி டாக்டரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால் எனக்குக் கோபம் வராதா?

மே மாதக் கடைசியில் சர்க்கரை மாத்திரையைக் கூட்டினார்கள். ஜூனில் ஒரு நாள் படிப்பகத்தில் வேர்த்துக் கொட்டி உட்கார்ந்துவிட்டேன். அடுத்ததாகத் திருநள்ளாறு சாலையில் வண்டியோடு விழுந்தேன். மாத்திரையையும் மயக்கத்தையும் முடிச்சுப் போட்டது நீ. டாக்டர் இதயத்தைப் பார்க்க வேண்டும் என்கிறார். போன செவ்வாய்க்கிழமை முழுக்க மார்பில் ஒரு சின்ன மெஷினை ஒட்டிவிட்டுப் பார்த்தார்கள். அன்றைக்கு எனக்கு ஒன்றும் செய்யவில்லை. மெஷினும் ஒன்றும் சொல்லவில்லை.

குழந்தை யார் ஜாடை என்று எழுது. மணிபாரதி மாப்பிள்ளை அனுப்பிய படத்தில் குழந்தை கண்ணை மூடிக்கொண்டிருக்கிறது.

தமிழ்வேந்தன்

ஓசூர்
11.7.2025

என்னங்க,

கடிதம் வந்தது. இரண்டு தப்பை ஒப்புக்கொண்டு, கையோடு நான்கு தப்பை என் தலையில் கட்டியிருக்கிறீர்கள். மேடையில் பேசுகிற பழக்கம் போகாது போல.

குழந்தைக்கு உங்கள் மூக்கு. பாவம், பெண் குழந்தை.

நான் டாக்டரை எதிரியாக நினைக்கவில்லை. போனைக் கடவுளாகவும் நினைக்கவில்லை. போன குறுவையில் நெல்லில் இலைச்சுருட்டுப் புழு விழுந்தபோது எல்லாரும் பூச்சிமருந்து அடி, மருந்து அடி என்றார்கள். நான் போனைப் பார்த்து விளக்குப் பொறி வைத்தேன். நம் வயல்தானே அந்த வரிசையில் தப்பியது? நீங்களே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தீர்கள். நெல்லுக்கு ஆன போன், உங்களுக்கு ஆகாதா?

போன வருடம் என் மார்பில் கட்டி என்று ஊசி போட்டு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்களே, அந்த நாட்களை மறந்துவிட்டீர்களா? அந்தப் பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் என்னிடம் பேசியது ஒரே வார்த்தை. "பாக்கலாம்." அந்தப் பாக்கலாமுக்கு என்ன அர்த்தம் என்று தேடித்தான் நான் முதல்முதலாகப் போனைத் திறந்தேன். தேடத் தேடப் பயந்தேன். பயந்ததால் மறுபடியும் தேடினேன். நீங்கள் மட்டும் கொஞ்சம்கூடக் கலங்கவில்லை. "டாக்டர் பாத்துக்குவாங்க, நீ சும்மா இரு" என்று சொல்லிவிட்டுப் பேப்பரை விரித்துக்கொண்டீர்கள். ஒன்றுமில்லாத கட்டி என்று முடிவு வந்த அன்றும் அதே முகம், அதே பேப்பர். இந்த மனுசனுக்கு நெஞ்சு இருக்கிறதா இல்லையா என்று எனக்கு ஆத்திரமாகக்கூட வந்தது.

உங்கள் மயக்கத்துக்கு வருகிறேன். டாக்டர் ஏன் மாத்திரையைக் கூட்டினார்? சர்க்கரை ஏறியிருந்தது. ஏன் ஏறியது? ஜெகபர் அலி தம்பி கடைப் பிரியாணி. சனிக்கிழமையானால் நான் கொடுக்கிற மாத்திரையை விழுங்கிவிட்டு, "அங்க பாயா இருக்கும், அங்கயே சாப்பிட்டுக்கிறேன்" என்று வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புவீர்கள். மற்ற நாளெல்லாம் கருப்பு, பிரியாணிக்கு மட்டும் வெள்ளை. மதியமும் அங்கேயே. சாயங்காலம் வந்து "வயிறு கம்முனு இருக்கு, ரெண்டு இட்லி போதும்" என்பீர்கள். சட்டைப் பையில் எண்ணெய்க் கறை வேறு. எத்தனை சோப்புப் போட்டுத் தேய்த்திருப்பேன்! சர்க்கரைக்காரர் பிரியாணி தின்றுவிட்டு, அதற்கு ஈடாக மாத்திரையை ஏற்றிக்கொண்டு, கடைசியில் மயங்கி விழுந்தால் யாரைக் குற்றம் சொல்வது?

அந்த மாத்திரையை நிறுத்துங்கள். குறைந்தது பழைய அளவுக்காவது போங்கள். இதை மட்டும் எனக்காகச் செய்யுங்கள்.

அஞ்சுகம்

தருமபுரம்
15.7.2025

அஞ்சுகத்துக்கு,

மாத்திரையை நிறுத்தவில்லை. டாக்டரைக் கேட்காமல் நிறுத்த மாட்டேன். பிரியாணியைப் பற்றி நீ எழுதியதை இரண்டு முறை படித்தேன். பதில் எழுதத் தோன்றவில்லை. அதை விடு.

சொல்லாமல் இருந்தால் வெண்மதி சொல்லிவிடுவாள் என்பதால் நானே சொல்கிறேன். போன சனிக்கிழமை படிப்பகத்தில் மேல்தட்டிலிருந்து ஒரு புத்தகத்தை எடுக்கக் கையைத் தூக்கினேன். கை நடுங்கியது. கண் இருட்டிக்கொண்டு வந்து தரையில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த நம்ம முத்தையன்தான் பிடித்துக்கொண்டான். திங்கட்கிழமை டாக்டரிடம் சொன்னேன். "இனி தள்ளிப்போட வேண்டாம்" என்று தஞ்சாவூருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். கை நரம்பு வழியாகக் குழாய் விட்டு இதயத்தில் சாயம் செலுத்திப் பார்ப்பார்களாம். ஆகஸ்ட் நான்காம் தேதி. அடைப்பு இருந்தால் அங்கேயே சரிசெய்துவிடுவார்களாம். கூட ஒருவர் வர வேண்டும் என்றார்கள். முத்தையன் வருகிறான். பச்சை உடம்புக்காரியை விட்டுவிட்டு நீ வர வேண்டாம்.

எனக்குப் பயம் இல்லை. டாக்டர் பார்த்துக்கொள்வார்.

வயலில் இந்த வருடமும் இலை சுருள ஆரம்பித்துவிட்டது. வயலைப் பார்த்துக்கொள்கிற கருப்பையன் வந்து, "அக்கா இருந்தா போன்ல பாத்துச் சொல்லுமே, நீங்க என்னா பண்ணப் போறீங்க?" என்று கேட்டு நிற்கிறான். எனக்கு வெட்கமாக இருந்தது. நீயே போனைப் பார்த்துச் சொல். கடிதத்தில் எழுதினால் புழு காத்திருக்காது, வெண்மதியிடம் சொல்லிவிடு. ஆம், நான்தான் கேட்கிறேன். சிரித்துக்கொள்.

காலையில் மாத்திரையை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு தண்ணீருக்காக நிற்கிறேன். தண்ணீரை நான்தான் எடுக்க வேண்டும் என்பது அப்புறம்தான் நினைவுக்கு வருகிறது.

தமிழ்வேந்தன்

ஓசூர்
19.7.2025

என்னங்க,

உங்கள் கடிதத்தை வெண்மதிக்குப் பால் ஆற்றிக்கொண்டே படித்தேன். தஞ்சாவூர் என்ற இடம் வந்ததும் பாலைக் கீழே வைத்துவிட்டேன். முத்தையன் அண்ணன் வந்தால் நான் வர வேண்டாமா? உங்கள் நெஞ்சைத் திறந்து பார்க்கும்போது வெளியே உட்கார முத்தையன் அண்ணன் யார்?

கோபத்தில் எழுதவில்லை. பயத்தில் எழுதுகிறேன்.

இங்கே குழந்தைக்கு மஞ்சள் கண்டது. பிறந்த குழந்தைக்கு வருவதுதான் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் போனைத் திறந்தேன். மூளை பாதிக்கும், காது கேட்காமல் போகும் என்று வந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினால் அங்கே ஒரு சின்னப் பெண் டாக்டர். நான் படித்ததையெல்லாம் ஒப்பித்தேன். அந்தப் பெண் முகம் சுளிக்கவில்லை. "நீங்க படிச்சது நிஜம்தாம்மா, ஆனா அது எவ்வளவு மஞ்சளுக்குன்னு அதுல சொல்லியிருக்காது. பாப்பாவுக்கு இவ்வளவுதான் இருக்கு, வெளிச்சத்துல வச்சா போயிடும்" என்று ரத்தச் சோதனைத் தாளில் விரலை வைத்துக் காட்டினாள். விளக்குக்குக் கீழே வைத்தார்கள். இப்போது நன்றாக இருக்கிறது. அன்று இரவு போனைத் தொடாமல் தூங்கினேன். கேட்டதற்கு ஒருத்தர் பதில் சொன்னால் எனக்கு எதற்குப் போன்?

அதனால் டாக்டரம்மாவை இனி நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒன்று. நீங்கள் மயங்கிய மூன்று நாளையும் நேற்று காலண்டரில் தேடினேன். மூன்றும் சனிக்கிழமை. இதயத்துக்குக் கிழமை தெரியுமா? நான் இத்தனை நாளாகப் போனில் கேட்டதெல்லாம் "பிரியாணி சாப்பிட்டால் மயக்கம் வருமா" என்றுதான். அதற்கு அது ஏதேதோ சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்த மூன்று நாளும் காலையிலிருந்து உங்கள் வயிற்றுக்குள் என்னென்ன போனது, எத்தனை மணிக்குப் போனது என்று எழுதுங்கள். அதையே டாக்டரிடமும் சொல்லுங்கள். நீங்கள் டாக்டரை நம்புங்கள். நான் நீங்கள் எழுதுவதை நம்புகிறேன்.

விளக்குப் பொறி பழைய கொட்டகையில் தொங்குகிறது. மாலை ஆறு மணிக்கு மேல் ஏற்றச் சொல்லுங்கள். கருப்பையனிடம் வெண்மதியும் சொல்லிவிட்டாள்.

அஞ்சுகம்

தருமபுரம்
22.7.2025

அஞ்சுகத்துக்கு,

நீ கேட்டதால் எழுதுகிறேன். காலையில் இடியாப்பம், பாயா. மதியம் பிரியாணி, அரை பிளேட். நடுவில் ஒரு டீ, சர்க்கரை இல்லாமல். மூன்று நாளும் ஏறக்குறைய இதேதான். டாக்டரிடமும் இதைத்தான் சொல்லியிருக்கிறேன்.

குழந்தைக்குக் குணமானது நிம்மதி. விளக்குப் பொறி வேலை செய்கிறது.

நான் எழுதுவதை நம்புவதாக எழுதியிருக்கிறாய். இந்தக் கடிதத்தை மூன்று தாளில் எழுதிக் கிழித்தேன். வேறு ஒன்றும் எழுத வரவில்லை.

தமிழ்வேந்தன்

ஓசூர்
25.7.2025

என்னங்க,

உங்கள் கடிதம் நேற்று மதியம் வந்தது. படித்துவிட்டு ஜெகபர் அலி தம்பிக்குப் போன் போட்டேன். அவரைத் திட்டத்தான் போட்டேன். "தம்பி, உங்க அண்ணனுக்கு நெஞ்சுல என்னமோ பாக்கப் போறாங்க. புண்ணியமாப் போவும், சனிக்கிழமை அவருக்குப் பிரியாணி குடுக்காதீங்க" என்றேன்.

அவர் கேட்டார், "எந்தப் பிரியாணி அண்ணி?"

"நீங்க போடுற பிரியாணிதான்."

"அண்ணன் நம்ம கடையில சோறு தின்னு வருசமாவப் போவுதே. சனிக்கிழமை காலையில வருவாரு, பேப்பர் படிப்பாரு, பச்சத் தண்ணி குடிப்பாரு. டீ போடவான்னா வேணாம்பாரு. வீட்டுல ஏதும் மனஸ்தாபமோன்னு நானும் கேட்டுக்கல."

போனை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். வெண்மதி கூப்பிட்டது காதில் விழவில்லை. ஒன்றன் பின் ஒன்றாக வந்தது எல்லாம். சனிக்கிழமை. வெள்ளைச் சட்டை. திருநள்ளாறு சாலையில் உங்களுக்கு என்ன வேலை? கட்சிக்காரரைப் பார்க்கப் போனேன் என்றீர்கள், எந்தக் கட்சிக்காரர் அந்தச் சாலையில் இருக்கிறார்? அந்தக் கறை. துவைத்தவள் நான். பிரியாணி எண்ணெய்க்கும் நல்லெண்ணெய்க்கும் வாசம் வேறு என்று தெரியாதா எனக்கு? எத்தனை தடவை மூக்குக்கு எட்டியிருக்கிறது! ஆனால் உங்களையும் நல்லெண்ணெய் விளக்கையும் சேர்த்து நினைக்க என் புத்தியால் முடியவில்லை. ஊரில் யாராலும் முடியாது.

சனீஸ்வரனுக்கு விரதம் இருக்கிறீர்கள். நீங்கள். நம் கல்யாணத்தில் ஐயரும் வேண்டாம், தாலியும் வேண்டாம் என்று என் அப்பாவோடு மூன்று மாதம் மல்லுக்கட்டிய நீங்கள்.

ஏன் என்று இப்போது கேட்கவில்லை. அதைவிட அவசரம் இருக்கிறது. இந்தத் தடவை போனில் கேள்வியைச் சரியாகக் கேட்டேன். "சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் என்ன ஆகும்?" முதல் வரியிலேயே பதில் இருந்தது. வேர்க்கும், கை நடுங்கும், கண் இருட்டும், விழுந்துவிடுவார்கள். உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுக்க வேண்டும். என் கையால்தான் அந்த மாத்திரையைக் கொடுத்தேன், சனிக்கிழமை தவறாமல், தண்ணீரோடு.

உங்கள் நம்பரை அழுத்தப் போய் நிறுத்தினேன். போனில் கேட்டால் மறுபடியும் பாயா என்பீர்கள், வைத்துவிடுவீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. ஆனால் நாளை சனிக்கிழமை, இந்தக் கடிதம் வருவதற்குள் அது போய்விடும். அதனால் ஜெகபர் அலி தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். நாளை நீங்கள் போகிற இடமெல்லாம் அவர் வருவார். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

தஞ்சாவூருக்குப் போவதற்கு முன்னால் டாக்டரம்மாவிடம் போங்கள். தனியாகப் போங்கள். உண்மையைச் சொல்லுங்கள். அவருக்கு நீங்கள் சொன்னதும் பிரியாணி, எனக்கு நீங்கள் சொன்னதும் பிரியாணி. இதில் யார் படித்தவர், யார் படிக்காதவர் என்று நாம் சண்டை போட்டோம்.

அஞ்சுகம்

தருமபுரம்
31.7.2025

அஞ்சுகம்,

தஞ்சாவூர் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். முதலில் இதைத் தெரிந்துகொள். மற்றதை மெதுவாகப் படி.

சனிக்கிழமை ஜெகபர் அலி கடையைத் தன் தம்பியிடம் விட்டுவிட்டு என் வண்டியில் பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டான். "எங்கடா?" என்றேன். "நீங்க எங்க போறீங்களோ அங்க" என்றான். இறங்கச் சொன்னால் இறங்கவில்லை. வழியிலேயே எனக்கு வேர்க்க ஆரம்பித்தது. வண்டியை ஓரம் கட்டினேன், கால் நிற்கவில்லை. அவன் தன் மடியிலிருந்து பாட்டிலை எடுத்து என் வாயில் ஊற்றினான். இனிப்பு. என்ன ஏது என்று தெரிவதற்குள் குடித்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது, மரம் மரமாகத் தெரிந்தது. "அண்ணி சொல்லுச்சு" என்றான்.

அப்போது எனக்கு வந்த முதல் நினைப்பு பிழைத்தோம் என்பது இல்லை. விரதம் முறிந்துவிட்டதே, அஞ்சுகத்துக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்பதுதான். சாலை ஓரத்தில் உட்கார்ந்து அழுதேன். ஜெகபர் அலி பார்க்காத மாதிரி அந்தப் பக்கம் திரும்பி வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

ஏன் என்று நீ கேட்கவில்லை. நான் சொல்கிறேன். உனக்கு ஊசி போட்டு எடுத்து அனுப்பிய மறுநாள் சனிக்கிழமை. பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு எழுத்தும் ஏறவில்லை. நீ அடுக்களையில் போனைப் பார்த்தபடி முந்தானையால் கண்ணைத் துடைத்தாய். எழுந்து வண்டியை எடுத்தேன். எங்கே போகிறேன் என்று தெரியாமல் போனேன் என்று சொல்ல ஆசை. தெரிந்துதான் போனேன். ஊர்க்காரர்கள் எல்லாம் பயந்தால் எங்கே போவார்களோ அங்கே போனேன். இவளுக்கு ஒன்றும் இல்லை என்று வந்தால் ஒரு வருடம் சனிக்கிழமை பட்டினி கிடக்கிறேன் என்று குளத்தங்கரையில் நின்று சொன்னேன். யாரிடம் சொன்னேன் என்று கேட்காதே.

கோபுரத்துக்கு உள்ளே ஒரு நாளும் போகவில்லை. என் கொள்கை அந்த மட்டும் பிழைத்தது. வாசலில் ஒரு விளக்கும் நல்லெண்ணெய்ப் பாக்கெட்டும் வாங்கி, உள்ளே போகிற யாரிடமாவது "அஞ்சுகம்ங்கற பேர்ல ஏத்திடுங்க" என்று கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவேன். முடிவு நல்லபடியாக வந்த அன்றே நிறுத்தியிருக்கலாம். சொன்னபடி செய்யாவிட்டால் திரும்பி வந்துவிடுமோ என்று பயம். மேடையில் வேறு ஒருவன் இதைச் சொல்லியிருந்தால் நான் அவனைக் கிழித்துத் தொங்கவிட்டிருப்பேன். டாக்டரை நம்பு, நம்பு என்று உன்னிடம் சத்தம் போட்டேனே, நம்ப முடியாமல் தவித்தவன் நான். உனக்குப் பயம் வந்தபோது நீ போனைத் திறந்தாய். எனக்குத் திறக்க அதுதான் இருந்தது.

நேற்று டாக்டரிடம் தனியாகப் போனேன். முதலில் வேறு எதையெதையோ பேசினேன். கடைசியில், "நான் சனிக்கிழமை சாப்பிடறதில்லங்க" என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"சார், இந்த ஊர்ல சர்க்கரைக்கு யாரு வந்தாலும் நான் கேக்கற மொதக் கேள்வி, சனிக்கிழமை விரதம் இருக்கீங்களான்னுதான். இருந்தா அதுக்குத் தக்க மாத்திரைய மாத்திக் குடுப்பேன். உங்க பேரு, உங்க கருப்புச் சட்டை, ரெண்டையும் பாத்துட்டு உங்ககிட்ட மட்டும் கேக்கல. அது என் தப்பு" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "அதோட நீங்க பிரியாணின்னு சொல்லிட்டீங்க. நான் பிரியாணிக்கு மருந்து கூட்டிட்டேன். உங்க வீட்டுல அவங்க அன்னைக்கி மாத்திரையாலதான் மயக்கம்னாங்களே, அது சரிதான். ஏன்னுதான் அவங்களுக்கும் தெரியல, எனக்கும் தெரியல. அவங்கள நான் கொஞ்ச நேரம் பேச விட்டிருக்கணும்."

மாத்திரையைக் குறைத்துவிட்டார். வீட்டிலேயே விரலில் குத்திப் பார்க்க ஒரு கருவி வாங்கச் சொன்னார். இனி மயக்கம் வந்தால்தான் இதயத்தைப் பார்க்க வேண்டும் என்றார். பட்டினி மட்டும் கூடவே கூடாது என்றார்.

அங்கேதான் எனக்குச் சிக்கல். வருடம் முடிய இன்னும் சில சனிக்கிழமைகள் இருக்கின்றன. அறிவு சாப்பிடு என்கிறது. சாப்பிடப் போனால் உன் முகம் வந்து நிற்கிறது. இதைப் படித்துவிட்டு நீ சிரித்தாலும் சரி, திட்டினாலும் சரி. என்ன செய்யட்டும் என்று உன்னைத்தான் கேட்கிறேன்.

தமிழ்வேந்தன்

ஓசூர்
4.8.2025

என்னங்க,

இன்றைக்கு நீங்கள் தஞ்சாவூரில் படுத்திருக்க வேண்டிய நாள். காலையிலிருந்து அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை. உங்கள் கடிதத்தை வெண்மதிக்குப் படித்துக் காட்டப் போனேன். பாதியில் என்னால் முடியவில்லை, அவளே வாங்கிப் படித்தாள். அவளும் முடிக்கவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். அந்த நாட்களில் நான் டாக்டரை நம்பவில்லை. போனை நம்பிப் பயந்தேன். ஆனாலும் சாப்பிட்டேன், தூங்கினேன். எப்படி? நீங்கள் கலங்காமல் பேப்பர் படித்துக்கொண்டிருந்தீர்களே, அதைப் பார்த்துத்தான். இவருக்கே பயமில்லை என்றால் ஒன்றுமிருக்காது என்று நினைத்துக்கொண்டுதான் படுத்தேன். அந்தப் பேப்பரில் ஒரு எழுத்தும் உங்களுக்கு ஏறவில்லை என்று இப்போது எழுதுகிறீர்கள். எனக்குக் கோபம் வருகிறது. அன்றைக்கே சொல்லியிருந்தால் இரண்டு பேரும் சேர்ந்து பயந்திருக்கலாம். ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஆளுக்கு ஒரு மூலையில் பயந்திருக்கிறோம்.

அப்புறம் கோபம் போய்விட்டது. ஒரு வருடமாகத் தின்னாத பிரியாணிக்கு என்னிடம் திட்டு வாங்கிக்கொண்டு, வயிறு காய்ந்துபோய் வீட்டுக்கு வந்து, "ரெண்டு இட்லி போதும்" என்று சொல்லியிருக்கிறீர்கள். மூன்றாவது இட்லியைக்கூட நான் வற்புறுத்தி வைக்கவில்லை. மதியம் வெட்டிவிட்டு வந்திருக்கிறார், போதும் என்று விட்டுவிட்டேன். அந்த இட்லிதான் இப்போது நெஞ்சில் நிற்கிறது.

மிச்சமிருக்கிற சனிக்கிழமைகளை நான் இருக்கிறேன். வேண்டுதல் எனக்காகத்தானே? பட்டினியையும் எனக்குக் கொடுங்கள். நீங்கள் நின்ற குளத்தங்கரைக்கு நானும் வந்து, இனி இவர் கணக்கு என்னோடது என்று சொல்லிவிடுகிறேன். நான் உள்ளேயும் போவேன், எனக்குக் கொள்கைத் தொந்தரவு கிடையாது. என் பேரில் ஏற்றின விளக்கெல்லாம் போதும். உங்கள் பேரில் ஒன்று நான் ஏற்ற வேண்டும். எனக்குச் சர்க்கரை இல்லை, மாத்திரை இல்லை. இங்கே அந்தச் சின்ன டாக்டரைக் கேட்டுவிட்டேன். தாராளமாக இருக்கலாம் என்றாள். பாருங்கள், கேட்டுக்கொண்டுதான் செய்கிறேன்.

மாப்பிள்ளையின் அம்மா நாளை வருகிறார். நான் வியாழக்கிழமை ரயில் ஏறுகிறேன். வெள்ளிக்கிழமை காலையில் ஸ்டேஷனுக்கு வாருங்கள். சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

சனிக்கிழமை மாத்திரையை நான் கொடுப்பேன். கையோடு இட்லியும் கொடுப்பேன். திருநள்ளாறு போய்விட்டு, மதியம் இரண்டு பேரும் ஜெகபர் அலி தம்பி கடைக்குப் போகிறோம். நான் எதிரே பச்சைத் தண்ணீர் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நீங்கள் என் கண் முன்னால் பிரியாணி சாப்பிட வேண்டும். ஒரு வருடமாக அதற்காக உங்களைத் திட்டியிருக்கிறேன், ஒரு தடவையாவது சாப்பிட்டுவிடுங்கள்.

டாக்டரம்மாவுக்கு நானே போன் போட்டுக் கேட்டுவிட்டேன். எடுத்ததும் "அம்மா, சொல்லுங்க" என்றார். நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் குறுக்கே பேசவே இல்லை. கடைசியில் சிரித்துவிட்டுச் சரி என்றார்.

அரை பிளேட்தான்.

அஞ்சுகம்